இரண்டாம் பூச்சு காயும் நேரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என் சட்டையைப் பிடிக்க வேண்டாம்: இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அறிவுச்செல்வி சொல்லிக் கேட்டது.

அறிவுச்செல்வி என் சிநேகிதி. பழனிப் பக்கம் கீரனூர்க்காரி, திண்டுக்கல்லில் பள்ளிக்கூட டீச்சர், கதை எழுதுகிறவள். பேகம்பூரில் ரவிக்கைக்கு ஹெம்மிங் போடக் கொடுத்த வீட்டில், அந்த வீட்டுக்காரி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னதை, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் நின்றுகொண்டே என்னிடம் ஒப்பித்துவிட்டாள். என் கையிலிருந்த டீ ஆறிப்போனது. நான் 'ம்' கொட்டிக்கொண்டே வயிறு எரிந்தேன். கடலே இல்லாத எங்கள் ஊரில் கடலுக்குள் போடுகிற உடுப்பைத் தைக்கிற ஒரு பெண்; அவள்மேல் பொறாமைப்படுகிற ஒரு புருஷன். இப்படி ஒன்று என் காதில் அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? அதே தெரு வழியாகத்தான் நானும் பத்து வருடமாக வேலைக்குப் போகிறேன். ஆனால் நான் எந்த ரவிக்கையைக் கொண்டுபோய்க் கொடுப்பது?

என்னைப் பற்றி இரண்டு வரி. பத்திர எழுத்தர் ஒருவரின் அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். இன்னாருடைய நிலம் இன்ன தேதி முதல் இன்னாருக்குச் சொந்தம் என்று பகலெல்லாம் அடித்துவிட்டு, சாயங்காலம் கதை எழுதுவேன். அறிவுச்செல்வி எழுதி அனுப்பினால் அடுத்த மாதம் அச்சில் வரும். நான் அனுப்பினால் திரும்பி வரும். இப்போது மின்னஞ்சல் வந்துவிட்டதால் திரும்பிக்கூட வருவதில்லை.

அவள் இதை எழுதவில்லை, நான் எழுதுகிறேன். ஏன் எழுதவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன், தைரியம் இருந்தால்.

2

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தேன். எதையும் அழிக்காமல் வைக்கிறேன்.

முதல் தொடக்கம்: "கடலை விட்டு வெகுதூரம் தள்ளியிருந்த அந்த வீட்டின் மொட்டைமாடிக் கொடியில், தலையில்லாத ஒரு கறுத்த உடம்பு வெயிலில் ஆடிக்கொண்டு —"

(வேண்டாம். பேய்க்கதை மாதிரி ஆகிறது. தவிர, அந்த உடுப்பை யாரும் வெயிலில் போட மாட்டார்கள். நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில்தான் உலர்த்துவார்கள். வெயில் பட்டால் ரப்பர் பாளம் பாளமாக வெடித்துவிடும். இது தெரியாமலே எழுத உட்கார்ந்தேன் பாருங்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "தப்ரேஸ் நல்லவன்."

(இந்த ஒரு வரியோடு மூன்று நாள் இருந்தேன். நல்லவன் என்று ஆரம்பித்தால் அடுத்த வரியில் 'ஆனால்' வந்தே தீரும். எனக்கு அது சீக்கிரம் வந்துவிடுகிறது.)

மூன்றாம் தொடக்கம்: "தப்ரேஸ் கெட்டிக்காரன்."

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

தப்ரேஸ் கெட்டிக்காரன். பேகம்பூரில் கீழே கடை, மாடியில் வீடு. பை, பெல்ட், பைக் சீட், கையுறை, ஜாக்கெட் என்று தோலில் எது கிழிந்தாலும் அவனிடம்தான் வரும். கிழிந்த இடத்தை விரலால் ஒரு தடவு தடவிவிட்டு, நாளைக்கு வாங்க என்பான். மறுநாள் போனால் எங்கே கிழிந்திருந்தது என்று கொடுத்தவருக்கே தெரியாது. கடைசியில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு துடைத்துத்தான் கொடுப்பான். தோலுக்கு அந்த எண்ணெய் சாப்பாடு. அந்தத் துணி படாமல் ஒரு சாமானும் அவன் கடையை விட்டு இறங்கியதில்லை.

மாடியில் அவன் மனைவி பர்ஹானா அக்கம்பக்கத்துப் பெண்களின் ரவிக்கைகளுக்கு ஹெம்மிங் போட்டுக் கொக்கி வைத்துக் கொடுத்தாள். அதை அவன் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை. யாராவது கேட்டால், "அவளுக்குச் சும்மா இருக்க முடியாது" என்பான்.

இந்த வீட்டுக்குள்தான் செழியன் வந்தான். சேவுகம்பட்டிக்காரன், முப்பது வயது. சின்ன வயதில் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எந்தக் கிணற்றில் எது விழுந்தாலும் முங்கி எடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்களாம். இப்போது தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் இருக்கிறான். முதுகில் சிலிண்டர் இல்லாமல், ஒரே மூச்சில் கடலுக்குள் போய்வர ஆட்களுக்குச் சொல்லித் தருகிறான். மற்ற நேரம் ஈட்டித் துப்பாக்கியோடு அதே ஒரே மூச்சில் இறங்கி மீன் குத்துகிறான். அதற்கு உடம்போடு ஒட்டிய ஒரு ரப்பர் உடுப்பு வேண்டும். வெட்சூட் என்கிறார்கள். வெளியே துணி, உள்ளே நுரை மாதிரி ரப்பர். உடம்புச் சூடு இறங்காமல் அதுதான் பிடித்துவைக்கிறது.

நுரை என்பதால் அது சவலைப்பிள்ளை. சோப்புத் தண்ணீர் ஊற்றி வழுக்கித்தான் மாட்ட வேண்டும். அவசரத்தில் நகம் பட்டால் போச்சு. பாறையில் முழங்கால் தேயும். துப்பாக்கியின் பின்கட்டையை மார்பில் ஊன்றி அதன் ரப்பர் பட்டையை இழுத்து மாட்டுவதால் மார்பும் தேயும். செழியனுடைய உடுப்பு தோளில் ஒரு சாண் கிழிந்திருந்தது. ஊருக்கு வந்தவன், திண்டுக்கல்லில் தப்ரேஸ் பாய் தைத்தால் கிழியாது என்று யாரோ சொல்லக் கேட்டு எடுத்து வந்தான்.

தப்ரேஸ் விரலால் தடவினான். நாளைக்கு வாங்க என்றான்.

4

இனி அவன் செய்த தப்பு. தோல்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு.

தோல் ஊசியின் முனை பட்டை தீட்டியது. அது குத்தாது, வெட்டும். தோலுக்கு அப்படித்தான் வேண்டும். தப்ரேஸ் அந்த ஊசியால், மெழுகு போட்ட கனத்த நூலால், இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்து, இழுத்து முடிச்சுப் போட்டான். தையலைச் சுத்தியலால் தட்டிப் பாய் மாதிரி படியவைத்தான். கடைசியில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. அவன் வாழ்நாளில் போட்ட தையல்களில் அது அழகானது என்றுகூடச் சொல்லலாம்.

பதினைந்து நாளில் செழியன் திரும்பி வந்தான். தையல் அப்படியே இருந்தது. தையலுக்குப் பக்கத்தில், ஊசி வெட்டிய ஓட்டைகள் வழியாக, நாள்காட்டித் தாளைக் கிழித்த மாதிரி தோள் நேராகக் கிழிந்திருந்தது. செழியன் கோபப்படவில்லை, சிரித்தான். "ஒங்க தையலு இரும்பு பாய். துணிதான் தாங்கல" என்றான். கோபப்பட்டிருந்தால் தப்ரேஸ் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பான். சிரித்ததுதான் உள்ளே போய்த் தைத்துவிட்டது. இதெல்லாம் ஒரு சரக்கா என்று உடுப்பை மூலையில் எறிந்தான். செழியனும், கிடக்கட்டும் பாய் என்று விட்டுப் போனான்.

* இந்த இடத்தில் அறிவுச்செல்வி சொல்லும்போது ஒரு நிமிடம் நிறுத்தி, டீயைக் குடித்தாள். கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அது அவளுக்குத் தானாக வருகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மூலையில் கிடந்ததைப் பர்ஹானா எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அவளுக்கு அதன் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். ரவிக்கை ஹெம்மிங் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: ஊசி துணியை முழுக்கத் துளைக்கக் கூடாது, ஓர் இழையை மட்டும் கிள்ளிக்கொண்டு திரும்ப வேண்டும், வெளியிலிருந்து பார்த்தால் நூலே தெரியக் கூடாது. அவள் வளைந்த ஊசியை வைத்து ரப்பரில் பாதி ஆழம் மட்டும் இறங்கித் திரும்பினாள். பாதி ஆழம் என்றால் மறுபக்கம் ஓட்டை இல்லை. ஓட்டை இல்லையென்றால் தண்ணீர் இல்லை.

ஆனால் தைப்பதற்கு முன் ஒட்ட வேண்டும். கிழிந்த இரண்டு உதடுகளிலும் சொல்யூஷன் என்கிற ரப்பர் பசையைத் தடவிக் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சு தடவி, அது கையில் ஒட்டாத பதம் வரும்வரை பத்து நிமிடம் காத்திருந்து, பிறகு உதட்டோடு உதடு வைத்து அழுத்த வேண்டும். அவள் அழுத்தினாள், பிடிக்கவில்லை. மறுபடி அழுத்தினாள், உரிந்துவந்தது. மூன்றாவது முறை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். தோல் எண்ணெய். கணவன் வழக்கப்படி துடைத்த துடைப்பு. எண்ணெய் ஊறிய ஓரத்தை ஒரு நூல் அகலம் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டினாள். பிடித்துக்கொண்டது.

கீழே வந்து கணவனிடம் அதைத்தான் சொன்னாள். "எண்ணெ பட்டா சொல்யூஷன் புடிக்காது மச்சான். பாத்தா புடிச்ச மாதிரி இருக்கு, பெறகு விட்டுருது."

இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தப்ரேஸும் வைத்துக்கொண்டான்.

5

செழியன் அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு பருவம் முழுக்க இறங்கினான். தோள் அசையவில்லை. அவனோடு இறங்குகிறவர்கள் பார்த்தார்கள். பஸ்ஸில் பார்சல்கள் வர ஆரம்பித்தன. முழங்கால் தேய்ந்தது, அக்குள் பிரிந்தது, மார்புப் பட்டை கிழிந்தது. முதல் பார்சலில் 'தப்ரேஸ் கடை' என்று எழுதியிருந்தது. இரண்டாவதில் 'பர்ஹானா அக்கா, தப்ரேஸ் கடை மாடி.' நாலாவதில் வெறும் 'பர்ஹானா அக்கா, பேகம்பூர்.' பார்சல் ஆபீஸ்காரர் தப்ரேஸிடமே வழி கேட்டார்.

பொறாமை எப்போது வந்தது? நாலாவது பார்சலிலா? எழுதுகிறவனுக்கு அப்படி ஒரு தேதி இருந்தால் வசதி. இருக்காது. பொறாமை வந்த பிறகுதான் வந்தது தெரியும்.

ஒருநாள் மதியம் தப்ரேஸ் சாப்பிட மேலே போனான். பர்ஹானா செழியனுடைய உடுப்பை மடியில் போட்டு, மார்புப் பக்கத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் அந்த நுரையை நசுக்கும். திரும்பத் திரும்ப நசுங்கினால் நிரந்தரமாக மெலிந்துவிடும். அதை அவள் விரலிலேயே படித்துவிட்டிருந்தாள். நிமிர்ந்து, "தம்பி இந்த மாசம் ரொம்ப ஆழம் போயிருக்கு" என்றாள்.

அவன் தட்டில் கைவைத்தபடி யோசித்தான். போன மாதம் தனக்குக் காய்ச்சல் வந்தபோது இவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சுடுற மாதிரியும் இருக்கு, சுடாத மாதிரியும் இருக்கு என்று தெர்மாமீட்டர் கேட்டவள். தூத்துக்குடியில் ஒருத்தன் எத்தனை ஆழம் போனான் என்று இங்கே உட்கார்ந்து விரலால் சொல்கிறாள். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் நன்றாக இருந்தது. அவனுக்கு அது இறங்கவில்லை.

[இங்கே அவள் செழியன்மேல் ஆசைப்பட்டாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். உடுப்பின் கைக்குள் தன் கையை விட்டு அவள் — என்று போனது. எடுத்துவிட்டேன். அவளுக்கு அப்படி எதுவும் இல்லை. தப்ரேஸுக்கும் அது தெரியும். ஆசையாக இருந்திருந்தால் அவனுக்குச் சண்டை போட ஒரு வழியாவது கிடைத்திருக்கும்.]

இன்னொரு நாள், பூச்சு காயும் நேரத்தில், அவள் கண்ணை மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே போனில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சு அசையவில்லை. தப்ரேஸ் பயந்துபோய்த் தோளைத் தொடப் போனான். அவள் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை உயர்த்தி, இரு என்றாள். பிறகு மூச்சை விட்டு, போனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரெண்டு நிமிசம் பத்து செகண்டு மச்சான்."

சொல்யூஷன் காயும்வரை சும்மா இருக்கிற நேரம், தம்பிதான் சொல்லிக்கொடுத்தான் என்றாள். பயம் வந்தால் மூச்சு பத்தாதாம். பயமில்லாமல் உட்காரப் பழகவேண்டுமாம்.

தப்ரேஸுக்குக் கோபம் வந்தது. அது தண்ணீருக்குள் போகிறவன் பிடிக்கிற மூச்சு. தரையில் இருக்கிற இவளுக்கு எதற்கு? பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இவளுக்கு இப்படி ஒரு முகம் இருப்பதை அவன் பார்த்ததில்லை. சாயங்காலம் கடையில் ஆள் இல்லாதபோது தானும் பிடித்துப் பார்த்தான். முப்பத்தெட்டு விநாடியில் இருமல் வந்துவிட்டது.

6

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிந்து தப்ரேஸ் தொப்பியோடு மேலே வந்தான். மேஜைமேல் செழியனுடைய உடுப்பு, அக்குள் பக்கம் பிரிந்து, இரண்டு உதடுகளிலும் முதல் பூச்சு போட்டு விரித்துக் கிடந்தது. பர்ஹானா இல்லை. பக்கத்து வீட்டுச் சைனம்பு, குக்கர் மூடி திறக்கவில்லை என்று கூப்பிட்டதால் போயிருந்தாள். குரல் அங்கிருந்து கேட்டது.

தப்ரேஸ் அந்தப் பிளவைப் பார்த்தபடி நின்றான். பிறகு கீழே கடைக்கு இறங்கிப் போய் எண்ணெய்த் துணியை எடுத்து வந்தான். மாடிப்படி பதினாலு. கோபத்தில் கை முந்திவிட்டது என்று சொல்ல வழியில்லை. பதினாலு படி இறங்கி, பதினாலு படி ஏறினான். பூச்சு காய்ந்து மங்கியிருந்த ஓரத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, வெளியே தெரியாதபடி துணியை வைத்து எடுத்தான். கை நடுங்கவில்லை. கைதேர்ந்தவன் அல்லவா.

பர்ஹானா வந்தாள். இரண்டாம் பூச்சு போட்டாள். கண்ணை மூடி மூச்சுப் பிடித்தாள். ஒட்டினாள். பாதி ஆழத்தில் தைத்தாள். பார்க்கப் பிடித்த மாதிரிதான் இருந்தது.

7

இந்த இடத்தில் எனக்குத் தப்ரேஸ்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அவன் இதைச் செய்தானா? ஏனென்றால் அறிவுச்செல்வி சொன்ன கதையில் எண்ணெய்த் துணி இரண்டாம் முறை வரவே இல்லை. பர்ஹானா அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு தடவ தம்பியோட தையலு கடலுக்குள்ள விட்டுப்போச்சு டீச்சர். என் தப்புன்னு சொல்லிட்டேன்." அறிவுச்செல்வியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். கைத்தப்பு யாருக்கும் வரும்.

பதினாலு படியை நான் வைத்தேன். துணியை நான்தான் அவன் கையில் கொடுத்தேன். வெள்ளிக்கிழமையும் என்னுடையது. முகம் தெரியாத ஒரு மனிதனுக்கு ஏன் இதைச் செய்தேன் என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க ஒன்றும் இல்லை, தெரிந்ததுதான்.

டீக்கடையில் அவள் சொல்லி முடித்த மறுவாரம். நான் அதற்குள் இரண்டு பக்கம் அடித்துவிட்டிருந்தேன். அது அவளுக்குத் தெரியாது. அதே கடையில் நின்று கேட்டாள்.

"ஏனுங்க, அந்த வெட்சூட் சமாசாரத்துல கதை இருக்குதுங்களா? நாளைக்கு உக்காந்து எழுதலாமுன்னு பாக்குறேன்."

நான் டீயை ஒரு வாய் குடித்தேன். நிதானமாக, யோசிக்கிறவன் மாதிரி. பிறகு சொன்னேன். "திண்டுக்கல்லுல வெட்சூட்டுன்னா யாரு நம்புவா அறிவு? கேக்க நல்லாருக்கு. எழுதுனா நிக்காது."

அவள் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்" என்றாள். என்னை நம்பினாள். அவள் எழுதுவதையெல்லாம் முதலில் எனக்குத்தான் காட்டுவாள். எதை எடுக்கலாம், எதை வைக்கலாம் என்று கேட்டு, நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். அன்றைக்கும் கேட்டுக்கொண்டாள். இதுதான் நான் பின்னால் சொல்வதாகச் சொன்ன காரணம்.

தப்ரேஸ் எண்ணெய் வைத்தானா என்று எனக்குத் தெரியாது. நான் வைத்தேன். என் கையும் நடுங்கவில்லை.

(இந்த ஏழாம் பகுதியை எடுத்துவிட்டால் கதை ஒழுங்காக இருக்கும். இரண்டு முறை எடுத்தேன். எடுத்ததும் தப்ரேஸ் வில்லன் ஆகிவிடுகிறான். அதற்கு அவன் என்னை எதுவும் செய்யவில்லை.)

8

மூன்று வாரம் கழித்துச் செழியன் நேரில் வந்தான். பார்சல் போடவில்லை. கடையில் நின்று தப்ரேஸிடம் சலாம் சொல்லிவிட்டு, பாய் நீங்களும் வாங்க என்று கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனான். மேஜைமேல் உடுப்பை வைத்தான். அக்குள் வாய் பிளந்திருந்தது. நூல்கள் மட்டும் அங்கங்கே பிடித்துக்கொண்டிருந்தன.

நடந்ததை மெதுவாகச் சொன்னான். பதினெட்டு மீட்டர் ஆழத்தில் பாறை இடுக்கில் ஒரு பெரிய களவாய் மீனுக்காகக் கையை நீட்டிக் காத்திருந்தபோது, அக்குள் விட்டுக் குளிர்ந்த தண்ணீர் ஒரே வீச்சில் நெஞ்சுக்குப் பாய்ந்திருக்கிறது. உடம்பு உதறியது. உதறினால் மூச்சு செலவாகும். மேலே வந்துவிட்டான், ஆனால் வெளிச்சம் வெகுநேரம் தள்ளியே இருந்தது என்றான்.

"பயந்துட்டேன்க்கா. இத்தன வருசத்துல மொதத் தடவ."

பிறகு இன்னொன்றும் சொன்னான். கூட இறங்குகிற மற்றவர்கள் பயப்படுகிறார்களாம். பார்சல்களைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைப்போம் என்கிறார்களாம். தானும் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல்தான் நேரில் வந்தானாம். அக்கா பெயரைச் சொல்லித்தான் அவர்களையெல்லாம் தைக்கக் கொடுக்க வைத்தவன் அவன்.

பர்ஹானா உடுப்பைக் கையில் எடுத்தாள். பிளந்த உதட்டை விரலால் தடவினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

தப்ரேஸ் வாசற்படியில் நின்றான். தன் உடம்பு முழுக்க அந்த எண்ணெயின் வாசம் வீசுவதுபோல அவனுக்கு இருந்தது. எப்போதும் வீசுவதுதான். பதினெட்டு வருடமாக அவள் அந்த வாசத்துக்குப் பக்கத்தில்தான் படுத்து எழுகிறாள்.

அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. செழியனைப் பார்த்துச் சொன்னாள்.

"என் தப்புதான் தம்பி. ரெண்டாவது பூச்சுக்கு முந்தி தொடச்சுப் பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேன். ஒங்க ஆளுகட்டயும் அப்படியே சொல்லிருங்க."

அவள் பெயர்தான் போனது. அவன் துடைத்த துடைப்புக்கான பழியை அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். தப்ரேஸ் சண்டைக்குத் தயாராக இருந்தான், அழுகைக்கும் தயாராக இருந்தான். இதற்குத் தயாராக இல்லை.

9

எழுதிப் பார்த்துக் கைவிட்ட முடிவுகள்:

செழியன் மேலே வரவே இல்லை. (இது எனக்கு முதலில் தோன்றிய முடிவு. சாவு வைத்தால் கதைக்குக் கனம் வந்துவிடும் என்று ஒரு சபலம். ஒரு நல்ல பையனைக் கொன்று எனக்குப் பெயர் வாங்கவா?)

தப்ரேஸ் தூத்துக்குடிக்குப் போய், செழியன் கையைப் பிடித்துக் கண்ணீர் விட்டு, மூன்று பேரும் மீன் பிரியாணி சாப்பிட்டு — (போதும்.)

பர்ஹானா உடுப்பைக் கத்தரித்துப் போட்டுவிட்டு ரவிக்கைக்கே திரும்பிவிடுகிறாள். (இது தப்ரேஸுக்குப் பிடித்த முடிவு. சென்ற மாதம்வரை எனக்கும் பிடித்திருந்தது.)

நடந்ததாக நான் நினைப்பது இதுதான். அவள் எண்ணெய் குடித்த ஓரத்தை, முதல் முறை செய்த மாதிரியே, ஒரு நூல் அகலம் வெட்டி எறிந்தாள். ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டாள். முதல் பூச்சு போட்டாள். செழியனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், தப்ரேஸுக்கும் கொடுத்தாள். இரண்டாம் பூச்சு போட்டாள். போனை எடுத்து எதிரே வைத்து, சம்மணமிட்டுக் கண்ணை மூடினாள். மூச்சைப் பிடித்தாள்.

இரண்டு ஆண்களும் அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். தப்ரேஸ் ஏதாவது சொல்வதென்றால் இப்போதுதான் சொல்ல முடியும். செழியன் இருக்கும்போது, அவன் காதில் விழும்படி. அவன் போன பிறகு மனைவியிடம் தனியாகச் சொல்லி அழுதால் அவளுடைய பெயர் திரும்பாது. அவள் கண்ணை மூடியிருப்பது தப்ரேஸுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்த்துக்கொண்டிருந்தால் அவனால் முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

அவன் வாயைத் திறந்தானா?

நான் எழுத மாட்டேன். திறந்தான் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. திறக்கவில்லை என்று எழுதினால் என்னையும் அவனோடு சேர்த்துத் தப்பிக்கவிட்ட மாதிரி ஆகும். நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் ஒன்று: நீங்கள் எழுதுகிற முடிவு அவனுக்கு மட்டும் இல்லை. தலைப்புக்குக் கீழே எழுதியவர் பெயருக்கு இடம் விட்டிருக்கிறேன்; விற்றவர் பெயரும் வாங்கியவர் பெயரும் இல்லாமல் பத்திரம் செல்லாது என்பது என் தொழிலில் முதல் பாடம். என் போனில் அறிவுச்செல்வியின் எண்ணை எடுத்து வைத்திருக்கிறேன். அவள் எல்லா இதழ்களும் படிப்பவள். இது அச்சில் வந்தால் எப்படியும் தெரிந்துகொள்வாள். அச்சில் தெரிந்துகொள்வதும் நான் வாயால் சொல்லிக் கேட்பதும் ஒன்றல்ல என்று பர்ஹானாவைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது. தப்ரேஸ் சொன்னால் நானும் அவளிடம் சொல்லியாக வேண்டும்.

சீக்கிரம். பர்ஹானாவின் போனில் விநாடி ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நிமிடம் ஐம்பது. அவளால் இரண்டு பத்து வரைக்கும்தான் முடியும்.